காலமும் காதலும்: கவிஞர் தாமஸ் ஹார்டியின் வாழ்வு

தமிழ் அகமரபு காதலைப் பேசத் தொடங்கும்போது தலைவனையும் தலைவியையும் முதலில் வைப்பதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதலில் வைக்கின்றது. இவ்விரண்டையுமே தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கொண்டார். கார் வந்தும் தலைவன் வாராத முல்லையிலும், நண்பகல் வேனில் எரிக்கும் பாலையிலும் காலம் வெறும் பின்னணி அன்று. காதலை நடத்துவதும் அதுவே, வருத்துவதும் அதுவே.

ஆங்கிலக் கவிஞர்கள் காலத்தை வேறோர் உருவில் கண்டனர். ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாக்களில் காலம் அரிவாள் ஏந்தி வருகின்றது. அது இளமையை அறுத்தாலும் மெய்க்காதலை அறுக்க இயலாது என்பது அவர் முடிவு. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெலுக்குக் காலம் பின்னால் விரட்டி வரும் தேர். அது எட்டிப் பிடிக்குமுன் காதலர் இன்புற வேண்டும் என்பது அவர் வாதம். ஒருவர் நம்பிக்கை ஊட்டுகின்றார், மற்றவர் விரைவுபடுத்துகின்றார். காலம் பறிப்பது அழகையும் இளமையையும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இவர்களுக்குப் பின் வந்த தாமஸ் ஹார்டி வேறோர் உண்மையைக் கண்டு சொன்னார். காலம் அழகைப் பறிக்குமுன்னரே அன்பு காட்டும் பழக்கத்தைப் பறித்துவிடுகின்றது. பறித்த அன்பைச் சில வேளை திருப்பியும் தருகின்றது. ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள உரியவர் அப்போது இருப்பதில்லை. இந்த உண்மையை அவர் நூல்களிலிருந்து கற்கவில்லை. தம் இல்லத்திலேயே, எழுபத்திரண்டாம் வயதில் கற்றார். அந்த வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்செட் மாவட்டத்தில், ஸ்டின்ஸ்போர்டு என்னும் ஊரைச் சார்ந்த ஹையர் பாக்காம்ப்டன் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஹார்டி பிறந்தார். பிறந்த குழந்தையிடம் அசைவு இல்லாமையால் இறந்தே பிறந்தது என ஒதுக்கி வைத்துவிட்டனர். உடனிருந்த தாதிதான் உயிர் இருப்பதை உணர்ந்து காப்பாற்றினார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. தந்தையார் கட்டடத் தொழில் செய்தவர்; வயலின் வாசிப்பதில் விருப்பம் மிக்கவர். தாயார் ஜெமைமா மணமாகுமுன் வீட்டுப் பணியில் இருந்தவர்; வறுமையிலும் நூல்களை விடாது படித்தவர். தந்தையிடமிருந்து இசையும் தாயிடமிருந்து கல்விப் பசியும் மகனுக்கு வந்து சேர்ந்தன.

பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. பதினாறாம் வயதில் டார்செஸ்டர் நகரில் ஜான் ஹிக்ஸ் என்னும் கட்டடக்கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1862இல் இலண்டன் சென்று ஆர்தர் புளோம்ஃபீல்டு அலுவலகத்தில் பணியாற்றினார். பகலில் வரைபடமும் இரவில் கவிதையுமாக ஐந்தாண்டுகள் கழிந்தன. எழுதிய கவிதைகளை இதழ்கள் ஏற்கவில்லை. உடல்நலம் குன்றவே 1867இல் ஊர் திரும்பினார். பழுதுற்ற பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் வேலையே அவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது. அந்த வேலைதான் அவர் வாழ்வைத் திசை திருப்பியது.

1870 மார்ச் 7

கார்ன்வால் கடற்கரையில் செயிண்ட் ஜூலியட் என்னும் ஒதுக்குப்புறமான ஊரில் ஒரு பழைய தேவாலயம் இடிந்து கிடந்தது. அதை அளந்து வரைபடம் எடுத்துவர ஹார்டி அனுப்பப்பட்டார். 1870 மார்ச் 7, திங்கட்கிழமை. விடியுமுன் நான்கு மணிக்குப் புறப்பட்டு, பல இரயில்கள் மாறி, இறுதியில் வாடகைக் குதிரை வண்டி ஏறி, இருட்டிய பின்னரே குருவின் இல்லத்தை அடைந்தார். குருவோ மூட்டு நோயால் படுக்கையில் இருந்தார். அவர் மனைவி அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். ஆகவே விருந்தினரை வரவேற்கும் கடமை அம்மனைவியின் தங்கைக்கு வாய்த்தது. பழுப்பு நிற உடையில் வந்து கதவருகே நின்ற அந்த மங்கையே எம்மா லவினியா கிஃபோர்டு. பிளிமத் நகர வழக்கறிஞர் ஒருவரின் மகள். ஹார்டி பிறந்த அதே 1840இல் நவம்பர் 24ஆம் நாள் பிறந்தவர்.

வந்தவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு நீலத்தாள் எட்டிப் பார்த்தது. அது கட்டட வரைபடம் என எம்மா எண்ணினார். கவிதை எழுதிய தாள் எனப் பின்னர் அறிந்து வியந்தார். அடுத்த சில நாட்களில் எம்மா குதிரையேறிக் கடலோரக் குன்றுகளில் செல்ல, ஹார்டி உடன் நடந்தார். பீனிக் குன்றின் கீழே அட்லாண்டிக் கடல் முழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் இருவரும் வேலன்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெளியில் உணவருந்தினர். சிற்றருவியில் கழுவும்போது கண்ணாடிக் குவளை ஒன்று நழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. கைவிட்டுத் துழாவியும் அகப்படவில்லை. பெறுமதி அற்ற ஒரு குவளை; ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதற்கென ஒரு கவிதை பிறந்தது.

வேலைக்கென வந்த தேவாலயத்தின் கதி வேறாயிற்று. புதுப்பிக்கும் பணியில் பழைய கோபுரமும் மரச்சிற்ப வேலைப்பாடுகளும் மறைந்தன. காக்க வேண்டியதை அழித்துவிட்டோமே என்று பிற்காலத்தில் ஹார்டி வருந்தினார். இந்த வருத்தம் கட்டடத்தோடு நிற்கவில்லை என்பதை அவர் வாழ்வு காட்டும்.

திருமணமும் புகழும்

கட்டடக் கலையை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொள்ளலாம் என்று ஹார்டிக்குத் துணிவூட்டியவர் எம்மா. அவருடைய கையெழுத்துப் படிகளை நேர்த்தியாகப் படியெடுத்துக் கொடுத்தார். 1873இல் வெளிவந்த 'எ பேர் ஆஃப் புளூ ஐஸ்' நாவல் அந்தக் கார்ன்வால் கடற்கரையிலேயே நிகழ்கின்றது. அதில் ஒரு காட்சி நினைவில் வைக்கத்தக்கது. கதைத்தலைவருள் ஒருவன் செங்குத்தான குன்றில் பிடி நழுவித் தொங்குகின்றான். அவன் முகத்துக்கு நேரே பாறையில் பதிந்த ஒரு தொல்லுயிரின் படிவம், கல்லாகிப் போன கண்களால் அவனைப் பார்க்கின்றது. எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் அவனுக்கும் அதற்கும் இடையே நிற்கின்றன. அவனைக் காப்பாற்றுவது காதலியின் கை. பாறை ஒரு பக்கம், மனித அன்பு ஒரு பக்கம். எது பெரிது என்னும் வினாவை முப்பத்திரண்டு வயதில் கேட்டுவிட்டார் ஹார்டி. விடை சொல்ல மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1874இல் 'ஃபார் ஃபிரம் த மேடிங் கிரவுட்' நாவல் புகழைத் தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இலண்டன் பேடிங்டனில் திருமணம் நடந்தது. எம்மாவின் சிற்றப்பா நடத்தி வைத்தார். இருவருடைய பெற்றோரும் வரவில்லை. வழக்கறிஞர் குடும்பத்துப் பெண்ணுக்குக் கொத்தனார் மகன் இணையாவானா என்பது பெண் வீட்டாரின் எண்ணம். வேற்றிடத்துப் பெண் நம் வீட்டுக்குப் பொருந்துவாளா என்பது பிள்ளை வீட்டாரின் ஐயம். இந்தப் பிளவு ஒருநாளும் முழுமையாக ஆறவில்லை.

தொடக்க ஆண்டுகள் இனிமையாகவே கழிந்தன. ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்னும் ஊரில் ஆற்றங்கரை வீட்டில் 1876 முதல் 1878 வரை வாழ்ந்த காலமே தம் வாழ்வின் மகிழ்ச்சி மிக்க காலம் என ஹார்டி கருதினார். 1885இல் டார்செஸ்டர் அருகே தாமே வரைந்து, தந்தையும் தம்பியும் கட்டித் தந்த 'மேக்ஸ் கேட்' இல்லத்தில் குடியேறினர். 1891இல் 'டெஸ்', 1895இல் 'ஜூட்' ஆகிய பெரு நாவல்கள் வந்தன. அவற்றுக்குப் பாராட்டும் கண்டனமும் ஒருங்கே குவிந்தன.

ஒரே கூரை, இரு வாழ்வு

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? கொடுமை என்று சொல்லத்தக்க ஒரு நிகழ்ச்சியைக் காட்ட இயலாது. துரோகம் என்று பெயரிடத்தக்க ஒரு நாளையும் குறிக்க இயலாது. நாட்கள் நகர்ந்தன, அவ்வளவே. குழந்தைகள் பிறக்கவில்லை. கணவர் காலை முழுதும் படிப்பறையில் இருந்தார். எழுத்தில் தாமும் பங்காளர் எனக் கருதியிருந்த மனைவிக்குப் படிப்பறைக் கதவு மெல்ல மெல்ல மூடியது. இலண்டன் விருந்துகளில் புகழ்பெற்ற பெண்கள் ஹார்டியைச் சூழ்ந்தனர். அவர் மனமும் சில வேளை அவர்பால் சாய்ந்தது. எம்மா சமயப்பற்று மிக்கவர். ஹார்டியோ இளமையிலேயே நம்பிக்கையை இழந்தவர். திருமணத்தையும் திருச்சபையையும் கடுமையாக வினவிய 'ஜூட்' எம்மாவின் நெஞ்சைப் புண்படுத்தியது.

ஏறத்தாழ 1899 அளவில் எம்மா வீட்டின் மேல்மாடத்துச் சிற்றறைகளைத் தமக்கென அமைத்துக்கொண்டார். கணவரைப் பற்றிய மனக்குறைகளை நாட்குறிப்பில் எழுதிவந்தார். தாமும் கவிதைகள் எழுதிச் சிறு நூலாக அச்சிட்டார். கீழே உலகம் போற்றும் எழுத்தாளர்; மேலே யாரும் கேளாத ஒரு குரல். இடையே சில படிக்கட்டுகள் மட்டுமே. அந்தப் படிகளை ஏறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நல்ல நாள் கிடைக்கவில்லை.

எம்மாவின் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. கணவரின் குடும்பத்தாரைத் தாழ்வாக எண்ணினார்; பிறர் முன்னிலையிலும் கணவரைக் குறைத்துப் பேசினார். ஆயினும் ஒருவர் குறையை மற்றவர் குறையால் கழித்துவிட முடியாது என்பதை ஹார்டி பின்னர் உணர்ந்தார். உணர்ந்தபோது கணக்குத் தீர்க்க எதிரே ஆளில்லை.

1912 நவம்பர் 27

1912ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எம்மாவின் உடல் தளர்ந்தது. ஒருநாள் திடீரெனப் பியானோ முன் அமர்ந்து தமக்குப் பிடித்த பழைய இசைகளை எல்லாம் வாசித்தார். இனி வாசிக்கப் போவதில்லை என்றும் கூறினார். நோய் எவ்வளவு முற்றியது என ஹார்டி அறியவில்லை. அறிய முயலவும் இல்லை. நவம்பர் 24 எம்மாவின் எழுபத்திரண்டாம் பிறந்தநாள். மூன்று நாள் கழித்து, 27ஆம் நாள் காலை பணிப்பெண் அழைக்க, ஹார்டி மேல்மாடத்துக்கு ஏறிச் சென்றார். எம்மாவால் பேச இயலவில்லை. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. விடைபெறவும் இல்லை, விடை தரவும் இல்லை.

எம்மாவின் தாள்களை அடுக்கியபோது இருவகை எழுத்துகள் கிடைத்தன. ஒன்று, தம்மைப் பழித்த நாட்குறிப்புகள். அவற்றை ஹார்டி எரித்துவிட்டார். மற்றொன்று, 1911 ஜனவரியில் எம்மா எழுதி முடித்த இளமை நினைவுகள். பிளிமத் நகரில் கழிந்த குழந்தைப் பருவம், தோட்டம், பாட்டு, வீடு மாறிய நாள், பின்னர்க் கார்ன்வால் குன்றுகள், குதிரை, பழைய தேவாலயம், ஒரு மார்ச் மாத மாலையில் வந்து நின்ற இளைஞர்! நாற்பது ஆண்டுக்கு முந்திய அந்த மாலையை எம்மா மறக்கவில்லை என்பதை ஹார்டி அப்போதுதான் படித்தறிந்தார். மனக்கசப்பு நிறைந்திருந்ததாக எண்ணிய மேல்மாடத்தில் அந்த மாலையும் பத்திரமாக இருந்தது.

நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்

1913 மார்ச்சில் ஹார்டி தம்பி ஹென்றியுடன் செயிண்ட் ஜூலியட்டுக்குப் பயணமானார். எம்மாவுடன் அங்குத் திரும்பிச் செல்ல மணவாழ்வில் எத்தனையோ வாய்ப்புகள் இருந்தன, செல்லவில்லை. இப்போது தனியே குன்றுகளில் நடந்தார். கடல் அப்படியே இருந்தது. அருவி அப்படியே விழுந்தது. தேவாலயத்துள் எம்மாவுக்கு ஒரு நினைவுக்கல்லைத் தாமே வரைந்து அமைக்க ஏற்பாடு செய்தார்.

எம்மா மறைந்த சில வாரங்களிலேயே தொடங்கிய கவிதைப் பெருக்கு இப்பயணத்தால் மேலும் பெருகியது. '1912-13ஆம் ஆண்டுக் கவிதைகள்' என்னும் தொகுதி 1914இல் 'சட்டயர்ஸ் ஆஃப் சர்க்கம்ஸ்டன்ஸ்' நூலில் பதினெட்டுப் பாடல்களோடு வெளிவந்தது. பின்னர் மூன்று சேர்ந்து இருபத்தொன்றாயிற்று. ஆங்கிலக் கையறுநிலைப் பாடல்களுள் தலைசிறந்தவை இவை என்று திறனாய்வாளர் பலர் மதிப்பிடுகின்றனர்.

இப்பாடல்களில் காலம் எவ்வாறு வருகின்றது என்பதே நாம் கருதத்தக்கது. முதற்பாடலில் கவிஞர் இறந்தவரோடு வழக்காடுகின்றார். சொல்லாமல் போனது ஏன் எனக் கேட்கின்றார். கேட்கக் கேட்கக் குற்றச்சாட்டு அவர் மீதே திரும்புகின்றது. இருந்த நாட்களில் பேசாமல் இருந்தது யார்? மற்றொரு பாடலில் காற்றிடையே எம்மாவின் குரல் கேட்கின்றது. அது குரலா, வெறுங்காற்றா என்னும் ஐயத்தில் பாட்டின் நடையே தடுமாறுகின்றது. பீனிக் குன்றைப் பற்றிய பாடலின் தலைப்பின்கீழ் 1870 மார்ச், 1913 மார்ச் என இரு காலங்களையும் குறித்து வைத்தார். இடைப்பட்ட ஆண்டுகள் அங்கே ஓர் இடைக்கோடாகச் சுருங்கிவிட்டன.

பாஸ்காசில் மலைச்சாலையைப் பாடிய பாடல் இன்னும் ஆழமானது. மழைத்தூறலில் அந்த மேட்டைத் திரும்பிப் பார்க்கும் முதியவர், முன்னொரு மார்ச்சில் வண்டிக் குதிரையின் சுமை குறைய இறங்கி நடந்த இருவரைக் காண்கின்றார். சாலையோரப் பாறைகள் உலகின் தொடக்கம் முதலே நிற்பவை. எத்தனையோ பேர் கடந்ததைக் கண்டவை. ஆயினும் தமக்கு அவை காட்டுவது அந்த இருவர் கடந்த ஒரு கணத்தையே என்கின்றார். இளமையில் எழுதிய நாவலில் பாறை மனிதனை அற்பமாக்கியது. முதுமையில் எழுதிய பாடலில் பாறையே காதலுக்குச் சாட்சி ஆகின்றது. நாற்பதாண்டு வினாவுக்கு இதுவே விடை. ஆனால் ஹார்டி அங்கே வெற்றி முழக்கம் செய்யவில்லை. உருவம் தேய்ந்து மறைகின்றது, தம் ஆயுள் மணலும் வடிகின்றது, இனி இவ்வழி வரப்போவதில்லை என்று முடிக்கின்றார். காதல் காலத்தை வென்றது என்று அவர் சொல்வதில்லை. ஒரு கணம் நேர்ந்தது. நேர்ந்ததை நேராததாக்கக் காலத்தாலும் இயலாது என்கின்றார்.

இரண்டாம் மனைவியின் துயர்

இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத மற்றொரு பக்கமும் உண்டு. எம்மா உயிரோடிருந்தபோதே, 1905 முதல் ஹார்டிக்கு ஃபுளோரன்ஸ் டக்டேல் என்னும் இளம் எழுத்தாளருடன் பழக்கம் இருந்தது. 1914 பிப்ரவரி 10ஆம் நாள் அவரை மணந்தார். மணமகனுக்கு வயது எழுபத்து மூன்று, மணமகளுக்கு முப்பத்தைந்து. அதே ஆண்டு இறுதியில் முதல் மனைவியை எண்ணி உருகும் அந்தப் பாடல்கள் அச்சேறின. படித்த ஃபுளோரன்ஸ் எவ்வளவு மனம் நொந்தார் என்பதை அவர் கடிதங்கள் காட்டுகின்றன. இறந்தவரைப் புறக்கணித்ததற்கு வருந்திய கவிஞர், வருந்தும் அந்நாட்களிலேயே இருந்தவரையும் புறக்கணித்தார். அறிந்த பாடத்தை நடத்தையில் கொள்வது பெருங்கவிஞர்க்கும் அரிதாயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் ஹார்டியின் வாழ்வைப் பாதியே சொன்னவராவோம்.

1917இல் வந்த தொகுதியில் எம்மாவின் இளமை நினைவுகளைக் கொண்டே ஒரு பாடல் அமைத்தார். பாட்டும் விளக்கொளியும், தோட்டம் திருத்தும் குடும்பமும், புதுவீடு புகும் மகிழ்ச்சியும் ஒவ்வொன்றாக வர, ஒவ்வொன்றின் முடிவிலும் காலம் ஒரு பெருமூச்சாக வந்து நிற்கின்றது. இறுதியில் கல்லறையில் செதுக்கிய பெயர்களின் மீது மழைநீர் வழிகின்றது. எம்மா எழுதியதை உயிரோடிருந்தபோது படித்திராத கணவர், இறந்த பின் அதையே தம் கவிதையாக ஆக்கினார். எம்மா விரும்பிய எழுத்துக் கூட்டாண்மை இவ்வாறு கைகூடியது.

மறைவு

1928 ஜனவரி 11ஆம் நாள் தம் எண்பத்தேழாம் வயதில் ஹார்டி மறைந்தார். நாட்டின் பெருங்கவிஞர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் சாம்பல் வைக்கப்பட்டது. இதயம் மட்டும் தனியே எடுக்கப்பட்டு, பிறந்த மண்ணாகிய ஸ்டின்ஸ்போர்டில், எம்மாவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1937இல் மறைந்த ஃபுளோரன்ஸும் அங்கேயே அடங்கினார். வாழ்ந்தபோது கூடி வாழ முடியாத மூவரையும் மண் ஒன்றாக வைத்தது.

டார்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஹார்டியின் படிப்பறை அவர் வைத்திருந்தவாறே அமைத்துக் காட்டப்பட்டுள்ளது. அவர் மேசையில் இருந்த நாட்காட்டி எந்நாளும் மாறாமல் ஒரே நாளைக் காட்டியது. திங்கட்கிழமை, மார்ச் 7. எம்மா கதவருகே வந்து நின்ற நாள். ஓடும் காலத்தை நிறுத்த முடியாதவர், நாட்காட்டியையேனும் நிறுத்தி வைத்தார்.

இக்கவிஞர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மாணவர்கள் இவரைப் பயிலும்போது துன்பவியல் ஆசிரியர் என்றும், விதியின் வலிமையைப் பாடியவர் என்றும் குறிப்பெடுத்துக்கொள்வர். அது சரியே. ஆனால் அவர் வீட்டு மேல்மாடத்துக்கு ஏறும் படிகளை விதி மறிக்கவில்லை. நாளைக்கு ஏறலாம் என்னும் எண்ணமே மறித்தது. காலத்தின் மிகப் பெரிய ஆற்றல் அழிப்பதில் இல்லை. இன்னும் நிறைய இருக்கின்றது என்று நம்மை நம்ப வைப்பதில் இருக்கின்றது.

நம் இல்லங்களிலும் மேல்மாடங்கள் உண்டு. வாழ்க்கைத் துணையாகவோ, பெற்றோராகவோ, உடன்பிறந்தாராகவோ ஒருவர் அங்கே தம் நினைவுகளை எழுதிக்கொண்டிருக்கக் கூடும். ஹார்டி அவற்றைப் படித்தது காலம் கடந்த பின். படித்ததால் உலகுக்கு இருபத்தொரு பாடல்கள் கிடைத்தன. அந்தப் பாடல்களை நாம் போற்றுவோம். ஆனால் அவற்றுள் ஒன்றேனும் எம்மாவின் காதில் விழுந்ததில்லை என்பதை மறவாதிருப்போம்.